படிப்படியாகப் புகையை விடுவோம்: ரமளானுக்கு முன் ஏழு ஜுமுஆக்கள்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



புனித ரமளானுக்கு இன்னும் சுமார் ஏழு வாரங்கள் இருக்கின்றன. இன்றைய ஜுமுஆவையும் சேர்த்து ஏழு ஜுமுஆக்கள். இந்த ஏழு ஜுமுஆக்களை மனதில் வைத்து, நம்மில் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படுகின்ற ஒரு பிரச்சினையைப் பற்றி இன்று பேசுவோம். பீடியும் சிகரெட்டும்தான் அது.

புகைப்பது கெட்டது என்று நிரூபிப்பதற்காக இந்த உரை இல்லை. அது புகைப்பவருக்கே நன்றாகத் தெரியும். பாக்கெட்டின் மேலேயே படம் போட்டிருக்கிறார்கள். 2016–17இல் நம் நாட்டில் அரசு நடத்திய ஆய்வில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விட்டுவிடும் எண்ணத்தில் இருப்பதாகவே சொன்னார்கள். ஆகவே குறைவு அறிவிலும் இல்லை, ஆசையிலும் இல்லை. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையில்தான் குறைவு. "எத்தனையோ முறை விட்டுப் பார்த்துவிட்டேன் ஹஜ்ரத், என்னால் ஆகாது" என்று சொல்பவருக்காகத்தான் இன்றைய பேச்சு.

சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம்

புகையிலை ஹிஜ்ரி ஆயிரமாம் ஆண்டை ஒட்டித்தான் முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது. அதனால் முற்கால இமாம்களின் நூல்களில் இதன் பெயர் இல்லை. வந்த புதிதில் இதன் கேடு தெளிவாகத் தெரியாததால் ஆலிம்கள் கருத்து வேறுபட்டார்கள். ஆகுமானது என்றவர்களும் இருந்தார்கள். மக்ரூஹ் என்றவர்களும், ஹராம் என்றவர்களும் இருந்தார்கள். இன்று கேடு ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் புகையிலையால் இறக்கிறார்கள். அவர்களில், தாம் புகைக்காமல் பக்கத்தில் இருந்தவர் விட்ட புகையைச் சுவாசித்தே இறப்பவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டுகிறார்கள்.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கிறான் (2:195). நம்மை நாமே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கிறான் (4:29). பொருளை வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்களோடு சேர்க்கிறான் (17:27). இவற்றை வைத்து, இக்கால ஆலிம்களில் பெரும்பாலோர் புகைத்தல் ஹராம் என்றே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

ஆகவே, விட வேண்டுமா வேண்டாமா என்பதில் பேச்சு இல்லை. எப்படி விடுவது என்பதில்தான் பேச்சு. இன்றே, இந்த நிமிடமே ஒரேயடியாக விட முடிந்தவர் விட்டுவிடட்டும். அதுதான் மிக மேலானது. "ஹஜ்ரத் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்" என்று அவர் தவணை வாங்க வேண்டாம். பலமுறை முயன்று தோற்று மனம் ஒடிந்தவருக்குத்தான் படி தேவைப்படுகிறது.

மதுவைத் தடுத்த முறையில் நமக்குப் பாடம்

மதுவில் ஊறிப்போன ஒரு சமுதாயத்தை அல்லாஹ் எப்படி வெளியே கொண்டுவந்தான் என்று பாருங்கள்.

முதலில், மதுவில் கொஞ்சம் பயன் இருந்தாலும் அதன் பாவம் அந்தப் பயனை விடப் பெரியது என்று உணர்த்தினான் (2:219). சிந்திப்பவர்கள் அப்போதே விலகிக்கொண்டார்கள். அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று தடுத்தான் (4:43). கடைசியாக, அது ஷைத்தானின் அசுத்தமான செயல், முற்றிலும் விலகிவிடுங்கள் என்ற கட்டளை வந்தது (5:90).

எடுத்த எடுப்பிலேயே மது கூடாது என்று சட்டம் வந்திருந்தால், நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். மனிதனைப் படைத்தவனுக்கு மனிதனின் பலவீனம் தெரியும்.

இந்த வரிசையில் நடுப்படியைக் கொஞ்சம் கவனியுங்கள். போதையோடு தொழ வராதே என்றால் என்ன பொருள்? ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை இருக்கிறது. லுஹருக்கும் அஸருக்கும் நடுவே குடித்தால் அஸருக்குள் தெளியாது. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவிலும் அதே கதைதான். ஆகவே பகல் முழுக்க மூடப்பட்டுவிட்டது. இஷாவுக்குப் பின்னால் மட்டும்தான் ஓர் இடைவெளி மிஞ்சியது என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். எத்தனை கோப்பை என்று எண்ணிக் குறைக்கச் சொல்லவில்லை. குடிக்க முடியாத நேரம் நீண்டுகொண்டே போனது. அந்த நேரத்துக்குத் தொழுகை காவல் நின்றது.

பிறகு இறுதிக் கட்டளை வந்தபோது என்ன நடந்தது? அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அனஸ் (ரலி) அவர்கள் மது பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பு காதில் விழுந்ததும் அத்தனையையும் கொட்டிவிட்டார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. படிப்படியாக வந்தவர்களுக்கு ஒரு கடைசிப் படியும் இருந்தது. அந்தப் படிக்கு வந்ததும் "இன்னும் ஒரு வாரம்" என்று யாரும் கேட்கவில்லை.

நம் திட்டத்துக்கு இந்த இரண்டு செய்திகள் போதும். ஒன்று, நேரத்தை மூடிக்கொண்டே போவது. இரண்டு, கடைசி நாளை இன்றே குறித்து வைப்பது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பலம்

"ஒரு மணி நேரம் கூட என்னால் இருக்க முடியாது" என்று சொல்லும் சகோதரரே, போன ரமளானில் நீங்கள் நோன்பு பிடித்தீர்களா இல்லையா? ஸஹரிலிருந்து மஃரிப் வரை நம் ஊரில் பதிமூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழு மாதம். பசியோடும் தாகத்தோடும் சேர்த்து அதையும் தாங்கினீர்கள். அதே நீங்கள் ஷவ்வாலில் ஒரு மணி நேரம் தாங்க முடியவில்லை என்றால், பலம் இல்லை என்று அர்த்தமா? பலம் இருந்தது. வேறு ஏதோ ஒன்று இல்லாமல் போய்விட்டது.

அது நிய்யத். நோன்பு நாளில் காலை பத்து மணிக்கு மனம் உங்களோடு வாதாடுவதில்லை. "இப்போது பிடிக்கலாமா, வேண்டாமா" என்ற கேள்வியே எழுவதில்லை. கதவு ஸஹரிலேயே மூடியாகிவிட்டது. எப்போது திறக்கும் என்பதும் தெரியும். மற்ற நாட்களில் கதவு பாதி திறந்தே கிடக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை நஃப்ஸ் எட்டிப் பார்க்கிறது. களைப்பு வருவது புகையால் மட்டும் இல்லை, இந்த ஓயாத வாதத்தாலும்தான்.

ஆகவே, "குறைத்துக்கொள்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். குறிப்பிட்ட நேரத்தை மூடுங்கள். இந்தத் தொழுகையிலிருந்து அந்தத் தொழுகை வரை இல்லை என்று அல்லாஹ்வுக்காக நிய்யத் வையுங்கள். சின்ன நேரமாக இருக்கட்டும். ஆனால் முழுமையாக மூடியிருக்கட்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. மூடிய ஒரு மணி நேரத்தை ஏழு நாட்கள் காப்பாற்றியவருக்கு எட்டாவது நாள் இரண்டு மணி நேரம் பெரிதாகத் தெரியாது. பொறுமையாக இருக்க முயல்பவருக்கு அல்லாஹ் பொறுமையைக் கொடுக்கிறான் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முயற்சி முதலில், ஸப்ர் பிறகு. நம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்கு அது வருவதில்லை. தொடங்கியவருக்குத்தான் நாளுக்கு நாள் வளர்கிறது.

ஓர் எச்சரிக்கை. குர்ஆன் மீது சத்தியம் செய்யாதீர்கள், நேர்ச்சை வைக்காதீர்கள். கோபத்திலோ, மனைவி அழுதாள் என்றோ "அல்லாஹ் மேல் ஆணை, இனி தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் முறித்தவர்கள் நம்மில் உண்டு. சத்தியத்தை முறித்தால் பரிகாரம் கடமை. பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது உடை கொடுக்க வேண்டும். இயலாவிட்டால் மூன்று நோன்பு (5:89). அதை விடப் பெரிய நஷ்டம், "நான் அல்லாஹ்வின் பெயரையே முறித்தவன், இனி எனக்கு என்ன இருக்கிறது" என்று அவர் முற்றிலும் கைவிட்டுவிடுவதுதான். சத்தியம் வேண்டாம். நிய்யத்தும் துஆவும் போதும்.

ஏழு ஜுமுஆக்களுக்கான திட்டம்

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பிடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உங்கள் எண்ணிக்கைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் ஜுமுஆ, அதாவது இன்று. இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம். ஒரு துண்டுத் தாளைப் பாக்கெட்டில் மடித்து வையுங்கள். ஒவ்வொன்றையும் பற்ற வைக்கும் முன் நேரம், இடம், காரணம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். டீ, சாப்பாடு, கோபம், சும்மா. வாரக் கடைசியில் பார்த்தால், பன்னிரண்டில் நாலைந்து "சும்மா" என்றே இருக்கும். கை தானாகப் போயிருக்கும். முதலில் கழிய வேண்டியவை அவைதான்.

இரண்டாம் ஜுமுஆ முதல் மஃரிபிலிருந்து இஷா வரை மூடுங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். இயன்றவர் அந்த நேரத்தில் பள்ளிவாசலிலேயே இருங்கள். பத்துக்கு இறங்கும்.

மூன்றாம் ஜுமுஆ முதல் அஸரிலிருந்து இஷா வரை மூடுங்கள். அதோடு வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் அறவே இல்லை என்று வையுங்கள். ஏழுக்கு வரும்.

நான்காம் ஜுமுஆ முதல் லுஹரிலிருந்து இஷா வரை. சாப்பாட்டுக்குப் பிந்தியது இதில் போய்விடும். ஐந்து.

ஐந்தாம் ஜுமுஆ முதல், இவற்றோடு காலையையும் சேருங்கள். சுப்ஹு முதல் ஒன்பது மணி வரை கிடையாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். இரவெல்லாம் நிகோடின் இறங்கிப்போய் உடல் அதைக் கேட்கும் நேரம் அது. அதனால்தான் இதை முதலில் வைக்காமல், நான்கு வாரம் வென்று வந்த பிறகு வைத்தோம். மூன்று.

ஆறாம் ஜுமுஆ முதல் சுப்ஹிலிருந்து இஷா வரை முழுப் பகலும் மூடல். இஷாவுக்குப் பின் ஒன்றே ஒன்று.

ஏழாம் ஜுமுஆ, ரமளானுக்கு முந்திய கடைசி வெள்ளி. அன்றிலிருந்து அதுவும் இல்லை. வீட்டிலும் கடையிலும் வண்டியிலும் இருக்கும் பாக்கெட், லைட்டர், சாம்பல் தட்டு எல்லாவற்றையும் வியாழன் இரவே அப்புறப்படுத்திவிடுங்கள்.

இதில் மூன்று விதிகள் உண்டு.

ஒன்று, தவறிய தொழுகைக்குக் களா உண்டு. தவறிய சிகரெட்டுக்குக் களா கிடையாது. மூடிய நேரத்தில் விட்டதை எல்லாம் திறந்த நேரத்தில் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. ஆழமாக இழுத்து ஈடுகட்டவும் கூடாது. எண்ணிக்கை குறையும்போது உடல் அப்படித்தான் ஏமாற்றப் பார்க்கும்.

இரண்டு, சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவது குறைப்பது ஆகாது. பீடியின் இலை காற்றை எளிதில் விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் நிகோடினும் அதில் குறைவு இல்லை. வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவதும் ஒரு கிணற்றிலிருந்து ஏறி இன்னொரு கிணற்றில் விழுவதுதான். வேப் என்பது 2019 முதல் நம் நாட்டில் சட்டப்படியே தடை செய்யப்பட்டது.

மூன்று, "ஒன்றுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கடைசிப் படியில் உட்கார்ந்துவிடக் கூடாது. நாளுக்கு இருபது பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் அதில் ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. குறைப்பது வழி, விடுவதுதான் ஊர். வழியில் குடிசை போட்டுத் தங்கிவிடாதீர்கள்.

தேட்டம் வரும்போது என்ன செய்வது?

புகைத் தேட்டம் கடல் அலை மாதிரி. எழும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். "பிடிக்காவிட்டால் இது ஏறிக்கொண்டே போகும்" என்பது ஷைத்தான் சொல்லும் பொய். அந்தச் சில நிமிடங்களைக் கடத்த வழி தெரிந்தால் போதும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரட்டும், உட்கார்ந்தும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். உடலின் நிலை மாறினால் மனமும் மாறும். தேட்டம் வந்த இடத்திலேயே நின்று அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுந்து நடங்கள்.

இரண்டாவது, வுழூ செய்யுங்கள். முகத்திலும் கையிலும் குளிர்ந்த நீர் பட்டால் உடல் அடங்கும். ஒரு குவளைத் தண்ணீரை உட்கார்ந்து, மூன்று மூச்சில் நிதானமாகக் குடியுங்கள்.

மூன்றாவது, மிஸ்வாக். பல ஆண்டுகள் எதையோ பிடித்துப் பழகிய விரல்களுக்கும் உதட்டுக்கும் வேலை வேண்டும். மிஸ்வாக் வாயைச் சுத்தமாக்கும், ரப்பின் பொருத்தத்தைத் தரும் என்பது நபிமொழி. சிகரெட் பாக்கெட் இருந்த சட்டைப் பையில் இனி மிஸ்வாக் இருக்கட்டும்.

நான்காவது, தஸ்பீஹ். ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொன்னால் ஐந்து நிமிடமாவது ஆகும். சொல்லி முடிக்கும்போது அலை இறங்கியிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இவை பொதுவானவை. இனி, அவரவர் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

"டீ குடித்தால் கை தானாகப் போகிறது" என்பவர், இந்த ஏழு வாரமும் டீக்கடைக்குப் போகாமல் வீட்டிலோ கடையிலோ டீயை வரவழைத்துக் குடியுங்கள். புகையை விட்டவர் டீ, காபியையும் கொஞ்சம் குறைப்பது நல்லது. புகைப்பவரின் உடல் காஃபீனை வேகமாகக் கழித்துவிடும். விட்ட பிறகு அதே அளவு டீ குடித்தால் காஃபீன் உடலில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைப் புகையை விட்டதன் கோளாறு என்று நினைத்து மறுபடி பற்ற வைத்துவிடுவார்கள்.

"காலையில் ஒன்று பிடிக்காவிட்டால் வயிறு சுத்தமாகாது" என்று பலர் கூச்சத்தோடு சொல்வார்கள். பொய் இல்லை. நிகோடின் குடலை உசுப்புவது உண்மைதான். விட்ட புதிதில் சில வாரம் மலச்சிக்கல் வரலாம். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், இரவில் பேரீச்சை, வாழைப்பழம், கொய்யா, சாப்பாட்டில் கீரை, கொஞ்ச தூர நடை. குடல் தன் பழைய வேலையைத் தானே கற்றுக்கொள்ளும்.

"ராத்திரி வண்டி ஓட்டுகிறேன், பிடிக்காவிட்டால் தூக்கம் வரும்" என்பவர்களுக்கு ஒரே பதில்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம். வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். உங்கள் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் அமானத்.

"டென்ஷன் ஆனால் அதுதான் ஆறுதல்" என்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடைசி சிகரெட்டின் நிகோடின் இறங்குவதால் வருகிற எரிச்சலைத்தான் அடுத்த சிகரெட் தணிக்கிறது. நெருப்பை வைத்தவனே தண்ணீர் கொண்டு வருவதைப் போல. உண்மையான கவலைக்கு இரண்டு ரக்அத் தொழுங்கள். நம் நாயகத்துக்குக் கவலை வந்தால் தொழுகையின் பக்கமே விரைவார்கள்.

உதவி கேட்பது தவக்குலுக்கு விரோதமில்லை

பயன் தரும் விஷயத்தில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக உட்கார்ந்துவிடாதே என்பது முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியின் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

அதிகம் பிடிப்பவர்கள், எழுந்த அரை மணிக்குள் பற்ற வைப்பவர்கள், மருத்துவரைப் பாருங்கள். நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். அதைச் சாதாரண கம் போல மென்று தள்ளக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். நோன்பு நேரத்தில் இதைப் பயன்படுத்த முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இதய நோய், சர்க்கரை, ஆஸ்துமா, மனநல மருந்து என்று ஏதாவது எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே ஓர் இலவச எண் அச்சிட்டிருக்கிறார்கள்: 1800-11-2356. புகையிலையை விட உதவும் அரசின் தொலைபேசிச் சேவை அது. பாக்கெட்டில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

முற்றிலும் விட்ட பிறகு முதல் மூன்று நாட்கள் மிகக் கடினமாக இருக்கும். எரிச்சல், தலைவலி, கவனமின்மை வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். கடைசி வெள்ளியில் விட்டவருக்கு ரமளானின் முற்பகுதி முடியும்போது உடல் பெரிதும் ஒத்துழைக்கத் தொடங்கிவிடும். நோன்புக் கஞ்சி குடித்தவுடன் வரும் ஐந்து நிமிடமும், பெருநாள் அன்று பழைய நண்பர்கள் கூடும் நேரமும்தான் ஆபத்தானவை. நோன்பு திறந்ததும் நேரே மஃரிப் ஸஃப்பில் நில்லுங்கள். பெருநாள் அன்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே போங்கள்.

வழுக்கி விழுந்தால்?

திட்டத்தின் நடுவே ஒரு நாள் மூடிய நேரத்தில் பற்ற வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நஃப்ஸ் உடனே சொல்லும்: "பார்த்தாயா, உன்னால் ஆகாது. மிச்சத்தையும் பிடி." சகோதரரே, தொழுகைக்கு நடுவே வுழூ முறிந்தால் என்ன செய்கிறோம்? "சரி, நமக்குத் தொழுகை ராசியில்லை" என்று வீட்டுக்கா போகிறோம்? போய் வுழூ செய்துவிட்டு வந்து தொழுகிறோம். இதுவும் அப்படித்தான். இஸ்திக்ஃபார் செய்யுங்கள், தாளில் காரணத்தை எழுதுங்கள், அடுத்த தொழுகையிலிருந்து அதே படியில் நில்லுங்கள். முதல் படிக்கு இறங்க வேண்டாம்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் மீண்டும் மீண்டும் மது அருந்தித் தண்டனை பெற்றார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது பெருமானார் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. தண்டனையும் நின்றது, அன்பும் நின்றது.

இது வீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும் உள்ள பாடம். விட முயல்பவரைக் குத்திக் காட்டாதீர்கள். "நீயாவது, விடுறதாவது" என்ற ஒரு சொல் ஆறு வார உழைப்பை அழித்துவிடும். இந்த வாரங்களில் அவர் கொஞ்சம் சிடுசிடுப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். பூண்டு, வெங்காயம் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று ஹதீஸ் இருக்கிறது. புகைப்பவர் வாயையும் உடையையும் சுத்தம் செய்துகொண்டு வரட்டும். ஆனால் அந்த ஹதீஸை வைத்து யாரையும் பள்ளிவாசலை விட்டு விரட்டிவிடாதீர்கள். பள்ளிக்கு வருகிற நேரம்தான் அவர் புகைக்காத நேரம். அந்த நேரத்தை நாம் கூட்ட வேண்டும்.

மிச்சமாவது என்ன?

ஒன்று 15 ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டுக்கு நாளொன்றுக்கு 180 ரூபாய். ஆண்டுக்கு 65,700. இரண்டு ஆண்டுகளில் 1,31,400. பிள்ளையின் படிப்பு, தாயின் மருத்துவம், உம்ராச் செலவு என்று எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றே ஓர் உண்டியல் வாங்கி, குறைத்த ஒவ்வொன்றுக்கும் உரிய காசை அதில் போடுங்கள். அது கனக்கக் கனக்க உங்கள் நம்பிக்கையும் கனக்கும்.

உடலும் காத்திருப்பதில்லை. விட்ட ஓரிரு நாளில் இரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடுகிறது. ஓரிரு ஆண்டுகளில் இதய நோய் ஆபத்து பெருமளவு குறைகிறது. பத்து ஆண்டுகளில், புகைப்பதைத் தொடர்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. நாற்பது வருடம் பிடித்தவருக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நிராசை அடைய வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டானே (39:53).

ஆகவே சகோதரர்களே, இன்று தொழுகை முடிந்து வெளியே போகும்போது ஒரு துண்டுத் தாளை மடித்துப் பையில் வையுங்கள். அதன் தலைப்பில் ஏழாவது ஜுமுஆவின் தேதியை எழுதுங்கள். இந்த வாரம் உங்கள் வேலை அவ்வளவுதான். அடுத்த வெள்ளி மஃரிபுக்கு வாருங்கள்; இஷா வரை சேர்ந்து உட்காருவோம்.

யா அல்லாஹ்! எங்கள் உடலை நீ தந்த அமானத்தாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. இந்தப் பழக்கத்தில் சிக்கித் தவிக்கும் எங்கள் சகோதரர்களுக்கு உறுதியையும் ஸப்ரையும் கொடுப்பாயாக. விழுந்தால் எழுந்துவரும் மனதை அவர்களுக்குத் தருவாயாக. அவர்களுடைய மனைவி மக்களின் கண்ணீரை மகிழ்ச்சியாக மாற்றுவாயாக. வரும் ரமளானைப் புகையின் வாடையில்லாத வாயோடு உன்னை திக்ர் செய்யும் ரமளானாக எங்கள் அனைவருக்கும் ஆக்கி வைப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.